வான்பயிலுநரும் ஆயுட் காப்புறுதியும்: ஐக்கிய அமெரிக்க அனுபவம், 1908–1944

காப்புறுதி என்பது எண்களை அத்திவாரமாகக் கொண்டெழுந்த ஒரு நிறுவனமாகும். தனியொருவன் எந்நாளில் இறப்பான் என்பதை எவரும் அறியார். ஆயின், ஒரே வயதினரான பதினாயிரம் பேரை எடுத்துக்கொண்டால், அவர்களுள் எத்தனை பேர் ஓராண்டுக்குள் இறப்பர் என்பதை, முந்திய ஆண்டுகளின் பதிவுகளைத் துணைக்கொண்டு ஓரளவு திட்டமாகவே கூறிவிடலாம். வால்வெள்ளியாற் பெயர்பெற்ற எட்மண்ட் ஹலி, பிரெஸ்லோ நகரத்தின் பிறப்பு இறப்புப் பதிவுகளிலிருந்து தமது அட்டவணையை 1693இல் வெளியிட்டார். இலண்டனில் 1762இல் நிறுவப்பட்ட ஈக்குவிற்றபிள் சங்கம், வயதுக்கேற்பக் கட்டுப்பணத்தை நிருணயிக்கும் முறையை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. அன்றுதொட்டு ஆயுட் காப்புறுதியின் வரலாறு, இறந்தோரை எண்ணி வாழ்வோருக்கு விலை கூறிய வரலாறாகவே இருந்துவந்துள்ளது எனலாம்.

அவ்வாறாயின், எண்ணுவதற்கு முன்னோர் எவருமே இல்லாத ஒரு தொழில் தோன்றும்போது என்ன நிகழும்? இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலே இவ்வினாவை எழுப்பியது ஆகாயவிமானம். அதிலும், விமானமோட்டப் பயில்பவனின் நிலையே மிகவும் சிக்கலானது. அவன் கட்டணம் செலுத்திச் செல்லும் பயணியல்லன், தேர்ச்சிபெற்ற தொழிலாளியுமல்லன். ஆபத்து மிகுந்த காலம் அவன் பயிலும் காலமே. அவனுக்காக வாதாட ஒரு தொழிற்சங்கமோ, அவன் உயிருக்குப் பொறுப்பேற்க ஒரு முதலாளியோ இல்லாத காலமும் அதுவே. இப்பயிலுநரின் உயிருக்குக் காப்புறுதி எவ்வாறு கிடைத்தது, எவருக்குக் கிடைக்காமற் போயிற்று என்பதை ஐக்கிய அமெரிக்காவின் அனுபவத்தைக் கொண்டு நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். பொறியின் ஆபத்தைக் காட்டிலும், பயிலுநரின் பெயர் எந்தப் பதிவேட்டில் எழுதப்பட்டிருந்தது என்பதே இதனைத் தீர்மானித்தது என்பது நான் நிறுவ முயலும் கருத்தாகும்.

விமானத்துக்கு வருமுன் கப்பலைப்பற்றி ஒரு வார்த்தை கூறவேண்டும். காப்புறுதியின் தாய்வீடு கடல் வாணிகம். கப்பலுக்குக் காப்புறுதி உண்டு. கப்பலில் ஏற்றிய மிளகுக்கும் துணிக்கும் காப்புறுதி உண்டு. ஆனால், அக்கப்பலைச் செலுத்திய மாலுமி தனது கூலியைக் காப்புறுதி செய்வதை ஆங்கிலச் சட்டம் நெடுங்காலம் அனுமதிக்கவில்லை. கப்பல் அழிந்தால் தன் கூலியும் அழியும் என்ற அச்சம் இருந்தாலே மாலுமி கப்பலைக் காக்கப் பாடுபடுவான் என்பது அதற்குக் கூறப்பட்ட நியாயம். முதலில் பொருள், அதன் பின்னரே மனிதன் என்னும் இவ்வொழுங்கு விமானத்தின் வரலாற்றிலும் மீண்டும் தலைகாட்டுவதை நாம் காண்போம்.

ரைட் சகோதரர் 1903ஆம் ஆண்டு டிசெம்பர் 17ஆந் திகதி முதன்முதலிற் பறந்தது 12 விநாடிகள். கடந்த தூரம் 120 அடி. ஐந்தாண்டுகள் கழியுமுன்னரே அவர்களின் பொறி ஓர் உயிரைப் பலிகொண்டது. 1908 செப்டெம்பர் 17ஆந் திகதி, வேர்ஜினியாவிலுள்ள போட் மையரில் இராணுவத்தினர் முன்னிலையில் ஓர்வில் ரைட் நடத்திய பரீட்சைப் பறப்பில் விமானம் வீழ்ந்தது. உடன் சென்ற இளம் இராணுவ அதிகாரி தோமஸ் செல்பிறிட்ஜ் உயிரிழந்தார். இயந்திர விமான விபத்தில் இறந்த முதல் மனிதர் அவரே. அவர் விமானியாக அன்றிப் பயணியாகச் சென்றவர். அடுத்த சில ஆண்டுகளில் இறந்தவர்களுட் பலரோ பயில்பவர்களும் அவர்களுக்குப் பயிற்றியவர்களுமாவர். சான் டியேகோவிலிருந்த இராணுவ விமானப் பாடசாலையில் ரைட் 'சி' வகை விமானங்களால் மரணங்கள் அடுத்தடுத்து நேரவே, விசைப்பொறியைப் பின்புறத்திற் கொண்ட விமானங்களை 1914 பெப்ரவரியில் இராணுவம் முற்றாக விலக்கிவைத்தது. வீழும்போது அப்பொறி முன்னால் அமர்ந்திருப்பவரின் முதுகின்மீது வந்து விழும் அமைப்பு அதிலிருந்தது.

இவ்வாபத்தை அரசு முதலில் ஏற்றுக்கொண்டது சம்பளத்தின் வாயிலாகவேயாம். 1913 மார்ச் 2ஆந் திகதிய சட்டம், பறக்கும் கடமையிலுள்ள இராணுவ அதிகாரிகளுக்கு 35 சதவீத மேலதிகச் சம்பளம் வழங்கியது. ஆனால், முப்பது அதிகாரிகளுக்கு மேற்படாமலே. ஆபத்துக்கு ஒரு விலை உண்டு என்பதை அரசு இவ்வாறு ஒப்புக்கொண்டது. எனினும் மேலதிகச் சம்பளம் உயிரோடிருப்பவனுக்கே பயன்படும். தனியார் துறையின் நிலையோ இன்னும் மோசம். இலண்டன் லொயிட்ஸ் நிலையத்தினர் விமானத்துக்கான முதலாவது காப்புறுதிப் பத்திரத்தை 1911இல் எழுதினர். மறுவருடமே, சீரற்ற காலநிலையால் நேர்ந்த விபத்துக்களின் நட்டங்களைக் கண்டு அவ்வியாபாரத்தைக் கைவிட்டனர்.

ஆயுட் காப்புறுதிக் கம்பனிகள் கையாண்ட வழி வேறு. அவை விமானியைத் தேடிச் சென்று மறுக்கவில்லை. பத்திரத்திலே ஒரு வாசகத்தைச் சேர்த்தன. ஆகாயப் பறப்பினால் மரணம் நேர்ந்தால் பத்திரத்திற் குறிப்பிட்ட முழுத்தொகை வழங்கப்படாது என்பதே அவ்வாசகத்தின் சாரம். சாதாரண வாசகம்போலத் தோன்றும் இது எத்தனை வழக்குகளுக்கு வித்திட்டது என்பதை அக்காலத் தீர்ப்புகளைப் புரட்டுவோர் அறிவர். 'வான்பறப்பிற் பங்குபற்றுதல்' என்றால் என்ன? விமானத்தைச் செலுத்துபவன் பங்குபற்றுகிறான் என்பதில் ஐயமில்லை. ஆனால் வெறுமனே அமர்ந்து செல்பவன்? நியூ ஜேர்சி மாநில நீதிமன்றம் 1921இல் அவனும் பங்குபற்றியவனே என்றது. 'ஈடுபடுதல்' என்ற சொல் பத்திரத்தில் இருந்தபோது வேறு நீதிமன்றங்கள் பயணிக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தன. ஒரு வினைச்சொல்லின் பொருளில் ஒரு குடும்பத்தின் வாழ்வு தங்கியிருந்தது. இலக்கணம் வெறும் ஏட்டுக் கல்வி என்போர் இத்தீர்ப்புகளை ஒருமுறை வாசிப்பது நல்லது.

இவ்வழக்குகளுள் நம் கவனத்துக்குரியது 1930இல் நியூ யோர்க் மாநில மேன்முறையீட்டு நீதிமன்றம் தீர்த்த ஒன்றாகும். மெற்றோபொலிற்றன் ஆயுட் காப்புறுதிக் கம்பனி தனது பத்திரங்களில் ஒரு புதிய இணைப்பைச் சேர்க்க விரும்பிற்று. கட்டணம் செலுத்தும் பயணியாகவன்றி வேறெவ்வகையில் விமானத்திற் சென்று இறந்தாலும், அந்த ஆபத்தைக் கம்பனி ஏற்கவில்லை. அப்பத்திரத்துக்குரிய ஒதுக்கு நிதியை மட்டும் வழங்கும் என்பது அவ்விணைப்பு. மாநிலக் காப்புறுதி அத்தியட்சகர் இதனை ஏற்க மறுத்தார். இரண்டாண்டுகள் கடந்த பத்திரத்தைக் கம்பனி எதிர்த்து வழக்காடலாகாது என்று மாநிலச் சட்டம் கூறுவதால், இவ்விணைப்பு அச்சட்டத்துக்கு முரணானது என்பது அவருடைய வாதம். பிரதம நீதிபதி பெஞ்சமின் கார்டோசோ கம்பனியின் பக்கமே தீர்ப்பளித்தார். பத்திரம் செல்லுமா என்பது ஒரு வினா. அப்பத்திரம் எந்த ஆபத்தை உள்ளடக்குகிறது என்பது இன்னொரு வினா. சட்டம் முதலாவதைப்பற்றியே பேசுகிறது என்பது அவர் நியாயம். சட்ட நோக்கில் இத்தீர்ப்பிற் குறைகாண்பது கடினம். இன்றுவரை காப்புறுதிச் சட்டம் கற்போர் அதனைப் பயில்கின்றனர்.

ஆனால், அதன் பொருளாதார விளைவை நோக்குவோம். ஒதுக்கு நிதி என்பது யாது? இருபது வயதினன் ஒருவன் முழு ஆயுட் பத்திரமொன்றை வாங்கும்போது ஆண்டுதோறும் ஒரே அளவான கட்டுப்பணத்தைச் செலுத்துகிறான். இளமையில் அவனது உண்மையான மரண ஆபத்துக்கு வேண்டியதிலும் அது சற்று அதிகம். முதுமையில் மிகக் குறைவு. இளமையில் மிஞ்சும் பணத்தைக் கம்பனி முதுமைக்காகச் சேர்த்துவைக்கிறது. அச்சேமிப்பே ஒதுக்கு நிதி. நாற்பது ஆண்டுகள் கழிந்த பத்திரத்தில் அது கணிசமான தொகையாக இருக்கும். முதலிரண்டு ஆண்டுகளிலோ மிகச் சொற்பம். விமானம் பயில்பவர் யார்? பெரும்பாலும் இருபது, இருபத்திரண்டு வயது இளைஞரே. எனவே 'ஒதுக்கு நிதி வழங்கப்படும்' என்ற வாசகம் அறுபது வயதுப் பிரமுகருக்கு ஓர் ஆறுதல். பயிலுநருக்கு அது ஏறத்தாழ ஒன்றுமில்லை என்பதன் நாகரிகமான மறுபெயர். 'கட்டணம் செலுத்தும் பயணி' என்ற விதிவிலக்கும் அவனுக்கு உதவாது. அவன் கட்டணம் செலுத்தினான் என்பது உண்மையே, கற்பதற்கு.

கம்பனிகளைக் கொடியவர் எனச் சித்திரிப்பது எளிது. கட்டுப்பணம் செலுத்தும் ஏனைய ஆயிரக்கணக்கானோரின் பணத்தையே அவை கையாண்டன. அட்டவணையில்லாத ஆபத்தொன்றை அவர்கள் தலையிற் சுமத்துவது நேர்மையன்று என்று அவை கூறியதில் நியாயமுண்டு. சந்தையின் தருக்கம் தன்னளவிற் பிழையற்றதாக இருந்தும், ஒரு சமூகத்துக்கு விமானிகள் தேவைப்பட்டபோது அத்தருக்கம் போதாமற்போயிற்று என்பதே இங்கு முக்கியமானது. அவ்விடைவெளியை நிரப்பியது போர்.

முதலாம் உலகப்போர் வெடித்தவுடன், 1914 செப்டெம்பர் 2ஆந் திகதி அமெரிக்கக் காங்கிரஸ் போர் ஆபத்துக் காப்புறுதிப் பணியகத்தை நிறுவியது. எதற்காக? கப்பல்களுக்கும் அவற்றின் சரக்குகளுக்கும் காப்புறுதி வழங்குவதற்காக. மாலுமிகளின் உயிர் 1917 யூனில் அதனுள் அடக்கப்பட்டது. போர்வீரரின் முறை 1917 ஒக்டோபர் 6ஆந் திகதி வந்தது. மேலே குறிப்பிட்ட பழைய ஒழுங்கு, சரக்கு முதல், மனிதன் பின் என்ற அதே ஒழுங்கு, மூன்றாண்டுக் காலத்துள் ஒரே சட்டத்தின் திருத்தங்களில் அப்படியே பதிந்திருப்பதை வரலாற்று மாணவர் கவனிக்கவேண்டும்.

ஆயினும், 1917ஆம் ஆண்டின் திருத்தம் உண்மையிலேயே புதுமையானது. திறைசேரிச் செயலாளர் வில்லியம் மக்காடூவின் ஆதரவோடு நிறைவேறிய இச்சட்டத்தின்படி, படைவீரர் எவரும் 1,000 டொலர் முதல் 10,000 டொலர் வரை அரசிடம் காப்புறுதி பெறலாம். கட்டுப்பணம் சமாதான காலத்து மரண வீதத்தைக் கொண்டே கணிக்கப்பட்டது. இருபதுகளின் தொடக்கத்திலுள்ள ஒருவன் 10,000 டொலருக்கு மாதந்தோறும் ஏறத்தாழ ஆறரை டொலர் செலுத்தினாற் போதும். சாதாரண சிப்பாயின் மாதச் சம்பளம் அப்போது 30 டொலர். போரினால் மிகும் ஆபத்தின் செலவை நாட்டின் பொதுத் திறைசேரி ஏற்றது. அகழியிற் கிடப்பவனுக்கும், சமையற்கூடத்தில் நிற்பவனுக்கும், பயிற்சி விமானத்தில் ஏறுபவனுக்கும் ஒரே கட்டுப்பணம். இறந்தவனின் குடும்பத்துக்கு 240 மாதங்களுக்கு மாதம் 57.50 டொலர் வீதம் வழங்கப்பட்டது. நாற்பது இலட்சத்துக்கு மேற்பட்டோர் இதிற் சேர்ந்தனர். விமானி என்ற சொல் விலக்கப்பட்ட சொல்லாக இராத முதலாவது பெருங் காப்புறுதித் திட்டம் இதுவே என்பது எனது கருத்து.

அதனாற் பயன்பெற்றவர்களுட் பலர் போர்க்களத்தையே காணாதவர்கள். பயிற்சிக் களங்கள் எத்துணை ஆபத்தானவை என்பதற்கு ஓர் உதாரணம் கூறலாம். அமெரிக்காவெங்கும் புகழ்பெற்ற நடனக் கலைஞரான வேர்னன் காசில், பிரித்தானிய வான்படையில் மேற்கு முனையிற் போர்புரிந்து பிழைத்தவர். அவர் 1918 பெப்ரவரி 15ஆந் திகதி டெக்சாஸ் மாநிலத்தில் பயிற்சி ஆசிரியராகப் பறந்தபோது, மற்றொரு விமானத்தோடு மோதாமல் விலக முயன்று வீழ்ந்து இறந்தார். உடனிருந்த பயிலுநர் பிழைத்துக்கொண்டார்.

போர் முடிந்தபின் அரசு பின்வாங்கியது. பயிலுநர் மீண்டும் சந்தையிடமே சென்றார். 1926 மே மாதத்தின் வான் வாணிகச் சட்டம் விமானிகளுக்கு அனுமதிப்பத்திரம், மருத்துவச் சோதனை, விமானங்களுக்குப் பதிவு ஆகியவற்றைக் கட்டாயமாக்கியது. காப்புறுதியின் நோக்கில் இதன் முக்கியத்துவம் பெரிது. பதிவேடு இருக்குமிடத்தில் எண்ணிக்கை உண்டு. எண்ணிக்கை உள்ள இடத்தில் அட்டவணை பிறக்கும். மறுவருடம் லிண்ட்பேர்க் அத்திலாந்திக்கைக் கடந்தார்; விமானம் பயிலும் மோகம் இளைஞரிடையே பரவியது. 1928இல் விமானக் காப்புறுதிக்கென்றே அமெரிக்காவிற் பல கம்பனிகள் இணைந்த ஒரு கூட்டு அமைப்புத் தோன்றியது. அதனைத் தொடக்கியவர்களுள் ஒருவரான ரீட் சேம்பர்ஸ் தாமே முதலாம் போரின் விமானி. பறந்தறிந்த ஒருவர் கட்டுப்பணத்தை நிருணயிக்கும் மேசையில் அமர்ந்தமை குறிப்பிடத்தக்கது.

பல்கலைக்கழக மாணவராகிய நமக்குச் சிறப்பாக ஈர்ப்புடையது 1939ஆம் ஆண்டின் குடிசார் விமானிப் பயிற்சித் திட்டமாகும். ஐரோப்பாவில் போர்மேகம் சூழ்ந்திருந்த வேளையில், 1938 டிசெம்பர் 27ஆந் திகதி ஜனாதிபதி ரூஸ்வெல்ற் இதனை அறிவித்தார். ஆண்டுக்கு இருபதாயிரம் கல்லூரி மாணவருக்கு விமானமோட்டக் கற்பிப்பது குறிக்கோள். முதலிற் பதின்மூன்று கல்லூரிகளில் 330 மாணவரைக்கொண்டு பரீட்சார்த்தமாகத் தொடங்கியது. கற்பிக்கும் செலவைப் பெரும்பாலும் அரசு ஏற்றது. மாணவர் தம் கையிலிருந்து கொடுக்கவேண்டிய சிறு கட்டணம், மருத்துவப் பரிசோதனைக்கும் காப்புறுதிக்கும் உரியதாகும். அரசு அவர்களைப் படைவீரராகக் கருதவில்லை. எனவே திறைசேரி அவர்களின் உயிருக்குப் பிணைநிற்கவில்லை. ஆனால், காப்புறுதியின்றி அவர்களைப் பறக்கவிடவும் இல்லை. தனித்தனியே சென்றால் விலக்கு வாசகத்தைக் காட்டித் திருப்பியனுப்பப்படக்கூடிய மாணவன், ஒரு பெருந்தொகுதியின் உறுப்பினனாக வந்தபோது ஏற்கப்பட்டான். ஒரே பாடத்திட்டம், ஒரேவகைச் சோதனை, பைப்பர் கப் போன்ற மெதுவாகப் பறக்கும் இலகு விமானங்கள், ஒவ்வொரு மணித்தியாலத்துக்கும் பதிவு: ஹலிக்குப் பிரெஸ்லோ நகரம் உதவியதுபோலக் காப்புறுதியாளருக்கு இக்கல்லூரிகள் உதவின. 1944இல் திட்டம் முடிவதற்குள் 435,000க்கும் மேற்பட்டோர் பயிற்சிபெற்றிருந்தனர். தொடக்கத்தில் பத்து மாணவருக்கு ஒருவர் என்ற அளவிற் பெண்களும் சேர்க்கப்பட்டனர். 1941 யூனில் அக்கதவு மூடப்பட்டது. திட்டம் படைத்தேவையை நோக்கித் திரும்பிவிட்டதே காரணம்.

இனிப் படையில் பயின்றோரைக் கவனிப்போம். கடற்படை விமானப் பயிலுநருக்கான 1935ஆம் ஆண்டுச் சட்டமும், இராணுவ விமானப் பயிலுநருக்கான 1941 யூன் 3ஆந் திகதிய சட்டமும் ஒரு முக்கிய ஏற்பாட்டைக் கொண்டிருந்தன. பயிலுநருக்கு மாதம் 75 டொலர் சம்பளம்; அத்துடன் 10,000 டொலருக்கு அரசாங்க ஆயுட் காப்புறுதி. பயிற்சிக் காலம் முழுவதும் அதற்கான கட்டுப்பணத்தையும் அரசே செலுத்தும். 1917இல் வீரன் தானே கட்டினான், இப்போது அதுவுமில்லை. இளைஞரைச் சேர்க்கும் விளம்பரங்களில் இக்காப்புறுதியும் சம்பளத்தோடு சேர்த்துக் கூறப்பட்டது. 1940 ஒக்டோபரில் தேசிய சேவை ஆயுட் காப்புறுதிச் சட்டம் ஏனைய படையினர் அனைவருக்கும் 10,000 டொலர் வரையிலான காப்புறுதிக்கு வழிசெய்தது. இத்தாராளத்துக்குக் காரணம் இல்லாமலில்லை. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் அமெரிக்க மண்ணிலேயே, எதிரியின் முகத்தைக் காணாமலே, இராணுவ விமான விபத்துக்களில் இறந்தோர் ஏறத்தாழ 15,000 பேர்.

இந்நிலையிற்றான் பெண் விமானிகள் வந்தனர். 1942 செப்டெம்பரில் நான்சி லவ் தலைமையில், ஏற்கெனவே தேர்ச்சிபெற்ற இருபத்தெட்டுப் பெண்களைக்கொண்ட அணியொன்று, விமானங்களைத் தொழிற்சாலையிலிருந்து தளங்களுக்குக் கொண்டுசெல்லத் தொடங்கியது. அதே ஆண்டு நவெம்பரில் ஜக்குலின் கொக்கிரன் ஹூஸ்டனில் பெண்களுக்கான பயிற்சிப் பாடசாலையை ஆரம்பித்தார். பின்னர் அது டெக்சாஸ் மாநிலத்தின் சுவீற்வோட்டர் என்ற சிற்றூரிலுள்ள அவெஞ்சர் களத்துக்கு மாற்றப்பட்டது. இரு அணிகளும் 1943 ஆகஸ்ட் 5ஆந் திகதி 'மகளிர் வான்படைச் சேவை விமானிகள்' என ஒன்றாயின. இருபத்தையாயிரத்துக்கு மேற்பட்டோர் விண்ணப்பித்தனர். 1,830 பேர் ஏற்கப்பட்டனர். 1,074 பேர் பயிற்சியை நிறைவுசெய்தனர். அவர்கள் பறந்த தூரம் ஆறு கோடி மைல் எனப்படுகிறது.

இப்பெண்கள் பெற்ற பயிற்சி ஆண் பயிலுநர் பெற்றதை ஒத்தது, விமானங்களும் அவையே. சேரும் நிபந்தனை மட்டும் வேறு. ஆண் பயிலுநர் ஒருநாளேனும் பறந்திராதவனாக வரலாம். பெண்ணோ முன்னதாகவே பறந்த அனுபவத்தோடு, முதலில் 200 மணித்தியாலம், பின்னர் குறைக்கப்பட்டு 35 மணித்தியாலம், வரவேண்டும். அதனைப் பலர் சொந்தச் செலவிலேயே ஈட்டினர். சுவீற்வோட்டர் வரையான பயணச் செலவும் அவர்களுடையது. பயிற்சியில் மாதம் 150 டொலர் கிடைத்தது. உணவுக்கும் உறைவிடத்துக்கும் அதிலிருந்து கழிக்கப்பட்டது. எண்ணளவில் ஆண் பயிலுநரின் 75 டொலரைவிட இது மிகுதியென்று தோன்றும். ஆனால், ஆணுக்கு அரசு கொடுத்த 10,000 டொலர்க் காப்புறுதி பெண்ணுக்கில்லை. சட்டத்தின் கண்ணில் அவள் படைவீரரல்லள். குடிசார் அரசாங்க ஊழியரே. சாதாரண ஆயுட் பத்திரம் எதையேனும் அவள் கையில் வைத்திருந்தாலும், பழைய விலக்கு வாசகம் அங்கே காத்திருந்தது.

குடிசார் ஊழியருக்கு இழப்பீட்டுச் சட்டமொன்று இருந்ததே எனலாம். இருந்தது, ஆயின் இழப்பீடும் காப்புறுதியும் ஒன்றல்ல. இறந்த ஊழியரின் உழைப்பில் தங்கியிருந்தோர் யார் என்று இழப்பீட்டுச் சட்டம் கேட்கும். மணமாகாத இருபத்திரண்டு வயதுப் பெண்ணின் உழைப்பில் தங்கியிருந்தவர் எவர்? காப்புறுதி அவ்வாறு கேட்பதில்லை. பத்திரத்திற் பெயர் குறிக்கப்பட்டவருக்குப் பணம் சேரும். இவ்வேறுபாடு சிறிதுபோலத் தோன்றினும் சாவு நேர்ந்த வீடுகளில் அது சிறிதாக இருக்கவில்லை.

இவ்வணியினர் முப்பத்தெண்மர் இறந்தனர். அவர்களுட் பதினொருவர் பயிலுநர். 1943 மார்ச் 7ஆந் திகதி ஹூஸ்டனில் பயிலுநர் ஒருவரும் அவருடைய ஆசிரியரும் ஒரே விமானத்தில் மாண்டனர். இருவாரத்தின் பின், மார்ச் 21ஆந் திகதி, கோர்ணீலியா போட் டெக்சாஸ் வானில் மற்றொரு விமானத்தோடு மோதுண்டு இறந்தார். 1941 டிசெம்பர் 7ஆந் திகதி காலையில், ஹவாயில் மாணவனொருவனுக்குப் பறக்கக் கற்பித்துக்கொண்டிருந்தபோது, யப்பானிய விமானங்கள் வருவதை வானிலிருந்தே கண்டவர் அவர். இவ்வாறு இறந்தோருக்குப் படைமரியாதையுடனான அடக்கம் கிடையாது. சவப்பெட்டியின்மீது தேசியக் கொடியைப் போர்த்தும் உரிமை கிடையாது. உடலை ஊருக்கு அனுப்புவதற்குத் தோழியர் தமக்குள் பணம் சேர்த்த சந்தர்ப்பங்கள் உண்டு. 1944 நவெம்பர் இறுதியில் மொன்ரானா மாநிலத்தில் விபத்துக்குள்ளாகி இறந்த சீன வமிசத்தவரான ஹேசல் யிங் லீயின் குடும்பத்துக்கு, இன்னுமொரு துன்பமும் காத்திருந்தது. வெள்ளையருக்கென ஒதுக்கிய பகுதியென்று கூறி, இடுகாட்டில் இடந்தர முதலில் மறுத்தனர்.

இதனைப் பெண்ணடிமை என்ற ஒரு சொல்லால் விளக்கிவிடலாமா? அது பகுதி உண்மையே என்பேன். 1943 யூலையில் மகளிர் இராணுவப் படை முழுமையாக இராணுவத்தின் அங்கமாக்கப்பட்டது. அதிற் சேர்ந்து தட்டெழுதிய பெண்ணுக்கும் தொலைபேசி இணைத்த பெண்ணுக்கும் அன்றுமுதல் தேசிய சேவை ஆயுட் காப்புறுதி உண்டு. குண்டுவீச்சு விமானத்தைச் செலுத்திய பெண்ணுக்கோ இல்லை. ஒருத்தியின் பெயர் இராணுவப் பதிவேட்டில். மற்றவளின் பெயர் குடிசார் சேவைப் பதிவேட்டில். பழி முழுவதையும் அரசின்மீது சுமத்துவதும் நேர்மையாகாது. தமது விமானிகள் மகளிர் இராணுவப் படைக்குக் கீழ் வருவதைக் கொக்கிரனே எதிர்த்தார். தனிப்படையாகவே அவர்கள் அமையவேண்டுமென்று அவர் விரும்பினார். அவ்விருப்பத்துக்கு நியாயமான காரணங்கள் இருந்தன; ஆனால் அது நிறைவேறும்வரை காத்திருந்த காலத்தின் விலையைச் செலுத்தியவர் பயிலுநரே.

நிறைவேறும் வாய்ப்பு ஒருமுறை வந்தது. இப்பெண்களை இராணுவத்துள் சேர்க்கும் மசோதாவை வான்படைத் தளபதி ஆர்னல்ட் ஆதரித்தார். ஆனால் காலம் மாறியிருந்தது. 1944 தொடக்கத்தில் குடிசார் பயிற்சித் திட்டம் சுருங்கவே, அதில் ஆசிரியராயிருந்த ஆடவர் பலர் வேலையிழந்தனர். கட்டாய ஆட்சேர்ப்பிலிருந்து அவர்களுக்கிருந்த விலக்கும் போயிற்று. பெண்கள் தமது இடத்தைப் பிடித்துக்கொண்டனர் என்ற கூக்குரல் காங்கிரசிலும் பத்திரிகைகளிலும் எழுந்தது. 1944 யூன் 21ஆந் திகதி பிரதிநிதிகள் சபை 188க்கு 169 என்ற வாக்குகளால் மசோதாவைத் தோற்கடித்தது. செலவைப்பற்றியும் அப்போது பேசப்பட்டது. முப்பத்தெண்மருக்கும் தலைக்குப் பத்தாயிரம் வீதம் கொடுத்திருந்தால் ஆகியிருக்கும் தொகை 380,000 டொலர். அவர்கள் செலுத்திய பி-51 போர்விமானம் ஒன்றின் விலை ஏறத்தாழ 51,000 டொலர். எட்டு விமானங்களின் விலைக்குள் அடங்கும் கணக்கு இது.

1944 டிசெம்பர் 20ஆந் திகதி அணி கலைக்கப்பட்டது. தனியார் காப்புறுதித் துறையோ போர்க்காலத்தில் திரண்ட எண்களைக்கொண்டு தனது அட்டவணைகளை மெல்ல மெல்லத் திருத்திக்கொண்டது. விலக்கு வாசகம் படிப்படியாகத் தளர்ந்து, பறக்கும் மணித்தியாலங்களையும் அனுமதிப்பத்திரத்தின் தரத்தையும் பொறுத்த மேலதிகக் கட்டுப்பணமாக மாறியது. படையினருக்கு 1965இல் புதிய கூட்டுக் காப்புறுதித் திட்டமொன்று வந்தது. படையிற் சேரும்போதே, தாமாக மறுத்தாலன்றி, காப்புறுதியும் சேர்ந்துவிடும்.

அமெரிக்க விமானப்படை பெண்களைப் 'முதன்முதலாக' விமானிகளாகப் பயிற்றப்போவதாக 1976இல் அறிவித்தபோது, முதுமையெய்திய சுவீற்வோட்டர்ப் பெண்கள் அச்சொல்லைக் கேட்டு வெகுண்டனர். புதிய பயிலுநர் பதின்மர் 1977 செப்டெம்பரில் தேர்ச்சிபெற்று வெளியேறினர். அவர்கள் ஒவ்வொருவருக்கும் படையினருக்கான 20,000 டொலர்க் காப்புறுதி இருந்தது. அவ்வாண்டு நவெம்பர் 23ஆந் திகதி ஜனாதிபதி கார்ட்டர் கையொப்பமிட்ட சட்டம் பழைய பெண் விமானிகளின் சேவையையும் படைச்சேவையாக ஏற்றுக்கொண்டது. சட்டம் நிறைவேறிய நாளுக்கு முற்பட்ட எந்தக் காலத்துக்கும் கொடுப்பனவு எதுவும் வழங்கப்படமாட்டாது என்ற பிரிவும் அதில் இருந்தது.